விசிறி சுற்றுவதற்குள்

உஷ் அக்காவை நான் முதலில் பார்த்தது என் அறை வாசலில். அன்றுதான் அந்த வீட்டு மாடிக்குக் குடிவந்திருந்தேன். இரும்புக் கட்டிலைக் கதவோரத்திலிருந்து ஜன்னலோரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். தரை அலறியது. கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், நாற்பதை ஒட்டிய ஒரு பெண்மணி நின்றார். முகமெல்லாம் வேர்வை. கன்னத்தில் துணி மடிப்பு பதிந்த தடம். தலைமுடியில் ஒட்டடைபோல நூல் தூசு.

"தம்பி, கட்டில் இன்னும் எவ்வளவு தூரம் போகணும்?"

"இந்த ஜன்னல் வரைக்கும்தாங்க."

"அப்ப இழுங்க, நான் நிக்கறேன். பாதியில விட்டுராதீங்க, மொத்தமா இழுத்துருங்க. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்."

சண்டைக்கு வந்தவர் என்று நினைத்து, பதிலுக்குப் பேச நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. மேற்பார்வையாளர் மாதிரி கைகட்டி நின்று, கட்டில் போய்ச் சேர்ந்ததும் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுக் கீழ் வீட்டுக்கு இறங்கிப் போனார். அந்தத் தெருவில் எல்லோரையும் அவர் அப்படித்தான் அடக்கிவைத்திருந்தார். 'உஷ் அக்கா' என்ற பெயர் அதனால் வந்தது.

அன்று மாலை தண்ணீர் பிடிக்கும்போது அவர் கணவரிடம் விசாரித்தேன். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். எனக்கு மாமா ஆனது அந்தக் குழாயடியில்தான்.

"வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம். உங்க அக்கா அலமாரிக்குள்ள இருந்தா."

"அலமாரிக்குள்ளயா?"

"நான் வெச்சுப் பூட்டல தம்பி. தினமும் அவளாத்தான் போறா."

பிறகு அந்த அலமாரியைப் பார்த்தேன். படுக்கையறைச் சுவரில் பதித்த பெரிய மர அலமாரி. மூன்று பக்கமும் சேலைகளும் போர்வைகளும் தொங்கும். நடுவில் ஒரு முக்காலி. அதில் அக்கா உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டால், தெரு, ஹாரன், பக்கத்து வீட்டுக் குழந்தை, எல்லாம் துணிக்குள் போய் அமுங்கிவிடும். தலைக்கு மேலே கிளிப் மாட்டிய சின்ன விளக்கு. கையில் புத்தகம். மடியில் மடிக்கணினி. வாயருகே மைக். கண் தெரியாதவர்களுக்காக அக்கா அங்கே உட்கார்ந்து பாடப்புத்தகங்களைப் படித்துப் பதிவுசெய்தார்.

பிழைப்புக்கு அவர் ஒரு ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிறவர். காலையில் போனால் மதியம் திரும்பிவிடுவார். கூச்சலும் இருமலும் நிறைந்த கூடத்தில், மைக் இல்லாமல், கத்தாமல் பெயர் சொல்லுவார். ஒருவர்கூட "யாரைக் கூப்பிட்டாங்க?" என்று பக்கத்து ஆளைக் கேட்க வேண்டியிருக்காது. ஒருநாள் வெள்ளைக் கோல் வைத்திருந்த ஒரு பெண், தன் முறை முடிந்த பிறகும் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாளாம். கூட்டம் கரைந்ததும் கவுண்டருக்கு வந்து, "அக்கா, உங்களுக்கு மதியம் வேலை உண்டா?" என்று கேட்டிருக்கிறாள். அப்படித்தான் இது தொடங்கியது.

அவள் சட்டக் கல்லூரி மாணவி. அக்கா அவளை முதல் நாளிலிருந்தே 'வக்கீலம்மா' என்றுதான் கூப்பிட்டார். மற்ற தாள்களிலெல்லாம் அவள் தேறிவிட்டாள். சாட்சியச் சட்டம் மட்டும் பாக்கி. அந்தப் பழைய தமிழ்ப் புத்தகத்தை ஸ்கேன் செய்து கணினியிடம் கொடுத்தால் அது எழுத்தெல்லாம் உடைத்து உளறியது. அக்காவைச் சந்திக்கும் முன், யாரோ ஒரு தோழி படித்துக் காட்டியதை நம்பி எழுதப் போய்த் தவறவிட்டாள். இந்தத் தடவையும் தவறினால் அவளுக்கு வாய்ப்பு முடிந்தது. படித்த வருடங்களுக்குப் பட்டம் இல்லை. பரீட்சைக்குள் அந்தத் தடிப் புத்தகம் முழுவதும் அவள் காதுக்குப் போயாக வேண்டும்.

உரக்கப் படிப்பதைப் பற்றி எனக்கு ஒரு பெரிய அபிப்பிராயம் உண்டு. எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். மருந்துச் சீட்டோ மின்வாரிய நோட்டீஸோ, எங்கள் வீட்டுக்கு வந்த எந்தக் காகிதமும் என் வாயால் படிக்கப்பட்ட பிறகுதான் காகிதமாக மதிக்கப்பட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வேறு. அந்த மிதப்பில்தான், "உங்க பதிவு ஒண்ணு குடுங்கக்கா, கேட்டுப் பாக்கறேன்" என்று வாங்கிப் போனேன்.

கட்டிலில் படுத்துக் கேட்க ஆரம்பித்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

சட்டப் புத்தக வாக்கியம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. ஒன்று ஆரம்பித்தால் அரைப் பக்கம் ஓடும். நடுவில் ஒரு 'எனினும்', அதற்குள் ஒரு 'இருப்பினன்றி', அதற்கும் ஒரு விதிவிலக்கு. அக்கா படித்தபோது அது மாடிப்படி மாதிரி இறங்கியது. அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னார். குறி முடிந்ததும் குரல் பழைய படிக்கே ஏறி நின்றது. அடிக்குறிப்பு வந்தால் முகத்தை மைக்கிலிருந்து லேசாகத் திருப்பிக்கொண்டார். அந்தக் குறிப்பு பக்கத்தின் கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. 'அடைப்புக்குறி', 'அடிக்குறிப்பு' என்று ஒரு இடத்திலும் வாயால் சொல்லவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நான் ஒரு பக்கத்தை முழுசாகப் பார்த்தது அன்றுதான்.

இத்தனைக்கும் அவர் எதிரி அவர் மடியிலேயே இருந்தது. கதவு சாத்திய அலமாரிக்குள் மடிக்கணினி சீக்கிரம் சூடேறும். சூடு ஒரு அளவைத் தாண்டினால் உள்ளே இருக்கும் குட்டி விசிறி எழுந்து 'ஊ' என்று ஊத ஆரம்பிக்கும். மைக்கில் அது பெருங்காற்று. அக்கா நிறுத்திவிடுவார். கதவைத் திறந்து, கணினியை வெளியே தரையில் வைத்து, அது ஆறும்வரை வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு மறுபடி உள்ளே.

இதில் அவருக்கு ஒரு கணக்கு கைவந்திருந்தது. முதலில் இடது தொடையில் வெதுவெதுப்பு. அது முழங்கால் பக்கம் பரவினால் இன்னும் ஒரு பக்கம் படிக்கலாம். சேலையையும் மீறிச் சுரீரென்றால் ஒரே ஒரு வாக்கியம்தான், அதுவும் சின்னதாக இருந்தால். திரையைப் பார்க்க மாட்டார். வெளிச்சம் புத்தகப் பக்கத்தில் அடித்துக் கண்ணைக் கூசும் என்று மூடியை முக்கால்வாசி இறக்கியே வைத்திருப்பார். சூட்டை வைத்தே சிக்கலான பத்திகளைக் குளிர்ந்த நேரத்துக்கும், எளிய பத்திகளைச் சூடேறும் நேரத்துக்கும் ஒதுக்குவார். விசிறி எழும் நொடிக்குச் சரியாக ஒரு மூச்சு முன்னால் அவர் வாக்கியம் முற்றுப்புள்ளியில் நிற்கும். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். புள்ளி, பிறகு 'ஊ'. ஒரு தடவைகூட மாறவில்லை.

மாமாவுக்கு அது வேடிக்கை. "உங்க அக்காவுக்கு ரெண்டு அடுப்பு தம்பி. ஒண்ணு சமையல்கட்டுல, ஒண்ணு மடியில. மடியில இருக்கறது மட்டும்தான் ஒழுங்கா எரியுது."

"சமையல்கட்டு அடுப்பு எரியணும்னா நீங்களும் பத்த வைக்கலாம், குத்தமில்ல," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

படித்தவன் என்ற முறையில் நானும் யோசனை சொன்னேன். கணினியை வெளியே வைத்துவிட்டு நீள வயரில் மைக்கை மட்டும் உள்ளே கொண்டுபோகலாமே என்று. வாங்கியும் கொடுத்தேன். வயர் முழுக்க இரைச்சல், எங்கோ ஒரு ரேடியோகூட அதற்குள் முனகியது. தவிர, ஒவ்வொரு இருமலுக்கும் தடுமாற்றத்துக்கும் பதிவை நிறுத்திப் பின்னால் போக வேண்டும். அதற்கு விசைகள் கையடியில் இருக்க வேண்டும். ஃபோனில் பதிவதும் அதனால்தான் அவருக்கு ஒத்துவரவில்லை.

"இருக்கட்டும் தம்பி," என்றார். "சூடுதானே, பழகிருச்சு."

ஆனால் சூடு பழகிய இடத்தில் நிற்கவில்லை. நான் குடிவந்தபோது அரை அத்தியாயம் தாங்கிய கணினி, பிறகு சில பக்கங்கள், பிறகு இரண்டு பக்கம் என்று சுருங்கியது. பரீட்சை நெருங்க நெருங்க விசிறி முந்திக்கொண்டே வந்தது. புத்தகத்தில் மிச்சமிருந்தது ஒரே அத்தியாயம். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வது பற்றியது. இருப்பதிலேயே நீளமானதும், கேள்வி கட்டாயம் வருவதும் அதுதான்.

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை மதியம், அக்கா ஒரு காரியம் செய்தார். தொடை வெந்துபோகாமல் இருக்க மடியில் ஒரு தலையணையை வைத்து, அதன்மேல் கணினியை வைத்தார். விசிறிச் சத்தம் மைக்குக்கு எட்டாமல் இருக்கக் கம்பளிப் போர்வையை மடித்துக் கணினியைச் சுற்றி, குழந்தைக்குப் போர்த்துவதுபோல் போர்த்தினார். சத்தத்தையே நினைத்துக்கொண்டிருக்கிற ஒருவருக்குத்தான் இது தோன்றும்.

வேலை செய்தது. விசிறி கொஞ்ச நேரம் போர்வைக்குள் முனகியது, அப்புறம் அடங்கியது. தலையணை இருந்ததால் தொடையும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா படித்தார். அப்படி ஓர் அமைதி அந்த அலமாரிக்குள் அதுவரை வாய்த்ததில்லை என்று பிறகு சொன்னார். எங்கும் நிறுத்தவில்லை, எங்கும் தடுமாறவில்லை. அத்தியாயத்தின் கடைசி வரிவரை ஒரே ஓட்டம். முடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே போர்வையை விலக்கி மூடியைத் தூக்கினார். திரை கறுப்பாக இருந்தது.

விசிறி அடங்கவில்லை. சூடு தாங்காமல் கணினியே அணைந்திருந்தது, ஆரம்பித்த சற்று நேரத்திலேயே. செத்த கணினிக்கு முன்னால் ஒரு முழு அத்தியாயத்தை அவர் படித்திருக்கிறார்.

நான் வேலையிலிருந்து வந்தபோது அக்கா அலமாரி வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். போர்வை மடியிலேயே கிடந்தது.

"சத்தம் வரலன்னு சந்தோஷப்பட்டேன் தம்பி. ஏன் வரலன்னு கேக்கல பாருங்க."

மாமா அன்று கிண்டல் செய்யவில்லை. பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர்களை எடுத்து வரிசையாகப் பரப்பினார். "லிஃப்டையே கழட்டறோம், இது என்ன. தம்பி, நீங்க படிச்சவரு, எந்தத் திருகு முதல்லன்னு மட்டும் சொல்லுங்க."

எனக்கு வேலை ஒரு கம்பெனியில், போனில் புகார் கேட்பது. 'ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க' என்று நாளெல்லாம் சொல்லுகிறவன். உள்ளே திறந்து பார்த்ததில்லை. ஃபோனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு நான் சொல்லச் சொல்ல, மாமா கழற்றினார். அடிமூடி கையோடு வந்தது.

மூவரும் குனிந்து பார்த்தோம். காற்று வெளியேறும் வாயில், விசிறிக்கும் அதன் சல்லடைக்கும் நடுவே, ஒரு பட்டை அடைத்துக்கொண்டிருந்தது. தூசு என்று அதைச் சொல்ல முடியாது, அது நெய்த துணி மாதிரி இருந்தது. மாமா குறடால் பிடித்து இழுக்க, கிழியாமல் முழுசாக வந்தது. விளக்கடியில் வைத்துப் பார்த்தால், அடுக்கடுக்காக நிறம். கீழே பச்சை, அதன்மேல் சாம்பல், பிறகு ஒரு செங்கல் நிறம், மேலே கம்பளியின் கறுப்பு.

அக்கா அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். "இந்தப் பச்சை, ஒப்பந்தச் சட்டம் படிச்சப்போ தொங்கிட்டிருந்த சேலை," என்றார். "அது கிழிஞ்சு, மாத்திட்டேன். செங்கல் கலரு போன வருஷத்துது."

சத்தத்தை விழுங்கட்டும் என்று தொங்கவிட்ட துணிகளேதான் நூல்நூலாக உதிர்ந்து, விசிறியின் மூச்சை அடைத்திருந்தன. அவர் படித்த புத்தகங்களெல்லாம் வரிசை மாறாமல் அந்தப் பட்டையில் இருந்தன.

சுத்தம் செய்து பூட்டியதும் கணினி உயிர் பிழைத்தது. விசிறிதான் நொந்துபோயிருந்தது. போட்ட நொடியிலிருந்தே 'கரகர'வென்று நிற்காமல் சுற்றியது. புது விசிறி வர ஒரு வாரமாகும் என்றார்கள். பரீட்சை திங்கட்கிழமை.

ஞாயிறு காலை வக்கீலம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், மெலிந்த உருவம், வாய் மட்டும் நல்ல நீளம். கோலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"சத்தத்தோடயே குடுங்கக்கா."

"மாட்டேன்," என்றார் அக்கா. "கண்ணு தெரியாதவங்களுக்கு இது போதும்னு குடுத்த மாதிரி ஆயிரும். அந்தப் பேச்சுக்கே இடமில்ல."

"நான் எங்க உக்காந்து கேக்கறேன்னு நெனச்சீங்க? பஸ்ல. அந்த பஸ்ஸு போடற சத்தத்துக்கு முன்னாடி உங்க ஃபேன் என்ன பண்ணிரப் போகுது?"

அக்கா திகைத்துப்போனார். இத்தனை காலம் மூச்சைப் பிடித்துக் காப்பாற்றிய நிசப்தம் பஸ்ஸில் போய் இறங்கியிருக்கிறது.

"இன்னொண்ணும் சொல்லிர்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்த வேகத்துலதான் கேப்பேன்," என்று ஃபோனை எடுத்து ஓடவிட்டாள். தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவதுபோல் ஒரு சடசடப்பு. எனக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

"அது யாரு?" என்றார் அக்கா.

"நீங்கதான். கொஞ்சம் அவசரத்துல இருக்கீங்க."

மாமா சிரிப்பை அடக்கமாட்டாமல் வெளியே போய்விட்டார். வக்கீலம்மா அந்தச் சடசடப்பை நிறுத்தி, அது சொன்ன வாக்கியத்தை அப்படியே, அடைப்புக்குறிக்குக் குரல் தாழ்த்தி, மறுபடி ஏற்றி, ஒப்பித்தாள்.

"கம்ப்யூட்டர் குரல இப்படி ஓட்டினா எனக்கே ஒண்ணும் தேறாது. நீங்க நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தறீங்க பாருங்க, அதனாலதான் இவ்வளவு வேகமா ஓட்டறேன். ஒண்ணும் வீணாப் போகல. இப்ப படிங்க. கொறையெல்லாம் நான் பாஸானப்புறம் சரி பண்ணிக்கலாம்."

அக்கா எழுந்து புத்தகத்தை எடுத்துவந்து, அலமாரிக்குள் போகாமல், வக்கீலம்மாவுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கணினியைத் தரையில் ஒரு தட்டின்மேல் வைத்தேன். அது கரகரத்தது. தெருவில் யாரோ பெயர் சொல்லிக் கத்தினார்கள். எங்கோ ஒரு மிக்ஸி ஓடியது. அக்கா யாரையும் அடக்கவில்லை.

படிக்க ஆரம்பித்தார். நான் வாசற்படியில் நின்றேன். இரண்டாவது பக்கத்திலேயே நடந்தது அது. ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில் வக்கீலம்மாவின் புருவம் லேசாக முடிச்சிட்டது. அக்கா அதைப் பார்த்தார். நிறுத்தாமல், அந்த 'எனினும்' என்ற சொல்லுக்கே திரும்பிப் போய், அதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் காற்று விட்டுப் படித்தார். முடிச்சு அவிழ்ந்தது. அடுத்த பத்தியில் வக்கீலம்மாவின் உதடுகள் அவருக்கு முன்னால் அசைந்தன. அவளுக்கு அது தெரியும் என்று புரிந்துகொண்டு அக்கா வேகம் பிடித்தார். அதன்பிறகு யார் யாரை நடத்திக்கொண்டு போகிறார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இத்தனை புத்தகம் படித்தும் அதுவரை அக்கா, கேட்கிற ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. அன்று அவர் படித்தது மாதிரி அவரே அதற்கு முன் படித்ததில்லை.

அத்தியாயம் முடிந்ததும் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு நாளா சேலைங்களுக்குத்தான் படிச்சுக் காட்டிட்டு இருந்திருக்கேன்," என்றார் அக்கா.

"அதுங்களும் நல்லாத்தான் கேட்டிருக்கு," என்றாள் வக்கீலம்மா. "நூலு நூலா வாங்கி வெச்சிருக்குல்ல."

பதிவை ஃபோனில் ஏற்றிக்கொண்டு போனாள். மறுநாள் அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் விடை எழுதினார். தேறிவிட்டாள். குறுக்கு விசாரணைக் கேள்வி வந்ததாம்.

இப்போது அவள் நீதிமன்றத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியர். அக்கா ஆஸ்பத்திரியில் அதே கவுண்டரில் டோக்கன் கூப்பிடுகிறார். மதியங்களில் அலமாரிக்குள் வரலாற்றுப் புத்தகம் ஒன்று ஓடுகிறது. கணினிக்குப் புது விசிறி போட்டாயிற்று. மடியில் தலையணைக்குப் பதில் மிச்சமிருந்த ஒரு தரைக்கல்லை மாமா வெட்டிக் கொடுத்திருக்கிறார், காற்றுவாயை அவரே பழைய பல் தூரிகையால் துடைக்கிறார். அந்தக் கடைசி அத்தியாயத்தை அமைதியில் மறுபடி பதிவுசெய்ய அக்கா நினைத்தார்; வக்கீலம்மா விடவில்லை. அது விசிறிச் சத்தத்தோடேயே இருக்கிறது. புது அத்தியாயம் எதையும் பதிவுசெய்வதற்கு முன் அக்கா ஒரு தடவை யாராவது ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து படித்துப் பார்க்கிறார். இந்த மாதம் அந்த ஆள் நான். என் கட்டில் ஜன்னலோரத்திலேயே இருக்கிறது.